செவலை வழக்கும் அப்பாவின் பைசலும்

எங்கள் வீட்டில் சண்டை நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. நடந்ததெல்லாம் தாவா. தம்பி என் சீப்பை ஒடித்துவிட்டால் நான் அப்பாவிடம் போய் அழுவேன். அது பிராது. அவர் தம்பியைக் கூப்பிட்டு, "நீ என்னடா சொல்றே?" என்று கேட்பார். அது விசாரணை. தம்பி, "நாளைக்குச் சொல்றேம்பா" என்று நழுவினால் அது வாய்தா. வாய்தாவுக்கும் அவன் வராமல் போனால் அவனுடைய பம்பரம் ஜப்தியாகி அப்பாவின் சட்டைப் பைக்குள் போய்விடும். கடைசியில் வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்று சொல்வார். அது பைசல். பைசல் ஆன பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

அம்மா மட்டும் திறப்பாள். அடுப்பை ஊதிக்கொண்டே, "அதெல்லாம் கெடக்கட்டும், அந்தப் பம்பரத்தக் குடுங்க, பச்சப் புள்ள" என்பாள். பம்பரம் உடனே வெளியே வந்துவிடும். "ஐகோர்ட்டுல அடிச்சுட்டாங்கடா" என்று அப்பாவே சிரிப்பார்.

அப்பாவுக்கு இந்த வார்த்தைகள் வந்த இடம் தஞ்சாவூர்ப் பக்கம் அவர் பிறந்த ஊர். அந்த ஊரில் பெருமைப்பட ஒன்றே ஒன்று இருந்தது, அது முன்சீப் கோர்ட்டு. கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் அவருடைய அம்மா மோர் விற்றார். மலாயாவுக்குக் கப்பலேறும் வரை அப்பா அந்த மோர்ப்பானைக்குப் பக்கத்தில்தான் வளர்ந்தார். தலைப்பாகை கட்டிய முன்சீப் குதிரை வண்டியில் வந்து இறங்குவதையும், டவாலி போட்ட சேவகன் கட்சிக்காரர் பெயரை மூன்று தரம் கூவுவதையும், ஜெயித்தவன் இரண்டு சொம்பு மோர் வாங்கிக் குடிப்பதையும் தினமும் பார்த்திருக்கிறார். உள்ளே நடப்பதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனால் அவர் வார்த்தைகளில் பாதிக்கு அவரே அர்த்தம் செய்துகொண்டார். ஒரு தரப்பு வராமல் போனால் வழங்கும் தீர்ப்புக்கு 'எக்ஸ்பார்ட்டி' என்று பெயர். அப்பாவைப் பொறுத்தவரை எக்கச்சக்கமாகத் தோற்றவன் எவனோ அவன் எக்ஸ்பார்ட்டி. பந்து விளையாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டம் பக்கத்துத் தோட்டத்திடம் மோசமாகத் தோற்றபோது, "நம்ம பயலுவ சுத்தமா எக்ஸ்பார்ட்டி" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மலாயாவில் மலைமேலிருந்த அந்தத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் மெஷினில் அவருக்கு வேலை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் குழாயடித் தகராறு, கோழித் தகராறு எதுவாக இருந்தாலும் அவரிடம்தான் வரும். கணக்கெழுதும் கிராணி முதல் கொழுந்தெடுக்கும் பெண்கள் வரை எல்லோரும் அவரை 'முன்சீப்பு' என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் கொள்ளைப் பிரியம். ஆனால் ஒரு குறை மட்டும் இருந்தது. நிஜமான கோர்ட்டில், நிஜமான முன்சீப் வாயால், ஒரு பைசலைத் தன் காதால் கேட்டதில்லை.

அந்த வாய்ப்பை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தது எங்கள் பசுமாடு.

எழுபதுகளின் பின்பாதி அது. நான் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு, தோட்டத்து ஆயாக்கொட்டகையில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் செவலை என்று ஒரு பசு. பேரும் அதுதான், நிறமும் அதுதான். ஒரு மழைக்காலத்தில் காட்டோரம் மேயப் போனது திரும்பி வரவில்லை. லயத்து ஆட்களெல்லாம் டார்ச் அடித்துத் தேடினார்கள். புலி கொண்டுபோயிருக்கும் என்று சொல்லி அம்மா ஒரு வாரம் மோர்க் குழம்பே வைக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். காய்கறி லோரி ஓட்டும் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வந்து டீ குடிக்கும்போது சொன்னார். "மாமா, கோலா தெர்லாவுல ஒரு வூட்டுல ஒங்க செவல மாதிரியே ஒண்ணு நிக்குது. வலது கொம்பு கீழ வளஞ்சிருக்கு. கன்னுக்குட்டி வேற."

அப்பா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் பஸ் பிடித்து நானும் அவரும் கோலா தெர்லாவுக்குப் போனோம். சாலைக்குக் கீழே சரிவில் கோஸ் பாத்திகள், அதன் ஓரமாகத் தகரக் கொட்டகை, கொட்டகையில் செவலை. சந்தேகமே இல்லை. முள்கம்பியில் மாட்டிக் கிழிந்த இடது காதுகூட அப்படியே இருந்தது. காலடியில் அதே நிறத்தில் ஒரு கிடேரிக் கன்று.

வீட்டுக்காரர் அப்பாவைவிட இளையவர், கோஸும் தக்காளியும் போடுகிறவர். கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் வந்தார். "மழையில நடுங்கிக்கிட்டு வந்து நின்னுச்சுங்க. யாரு மாடுன்னு நாலு பேருகிட்ட கேட்டேன். ஒருத்தரும் வரல. எலும்பும் தோலுமா வந்ததத் தேத்தி, பிரசவம் பாத்து வெச்சிருக்கோம். இப்ப வந்து எம் மாடுன்னா எப்படிங்க?"

"எம் மாடத்தானே எம் மாடுன்னு சொல்லணும்?" என்றார் அப்பா.

"அப்ப நாங்க பாத்ததுக்கு என்னா கணக்கு?"

அப்பா நிமிர்ந்து நின்றார். அவர் முகத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ ஒன்று ஒளிர்ந்தது. "இது பேசித் தீராதுங்க. தாவா போட்டுர்றேன்."

"தாராளமாப் போடுங்களேன்!" என்றார் அவரும்.

தானா ராத்தா போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தோம். அவர்கள் விசாரித்துவிட்டு, திருட்டு என்று சொல்ல எதுவுமில்லை, ஆனால் மாடு யாருக்குச் சொந்தம் என்று சொல்ல வேண்டியது தாங்கள் இல்லை, மாஜிஸ்திரேட்தான் என்றார்கள். மாஜிஸ்திரேட் மாதத்தில் சில நாட்களில்தான் கீழேயிருந்து மலைக்கு வருவார். அதுவரை மாடும் கன்றும் போலீஸ் காவலில் இருக்கவேண்டும். ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஸ்டேஷன் பின்னாலிருந்த புல்வெளியில் கட்டிவிட்டார்கள்.

செவலை காவலில் இருக்கிறது என்ற செய்தி அப்பாவைப் பிடித்து ஆட்டியது. நேரே ஸ்டேஷனுக்குப் போனார், நானும் கூடவே ஓடினேன். கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தெரிந்த மலாயில், "துவான், சாயா மாவ் ஜாமீன்" என்றார். ஐயா, எனக்கு ஜாமீன் வேண்டும் என்கிறாராம்.

இளம் மலாய்ப் போலீஸ்காரர் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். "ஜாமின் சியாப்பா?" யாருக்கு ஜாமீன்?

"லெம்பு" என்றார் அப்பா. மாட்டுக்கு.

ஸ்டேஷனே சிரித்தது. உள்ளேயிருந்து சார்ஜண்ட் எழுந்து வந்து, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். 'பாக்சிக்' என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டு, மாட்டுக்கு ஜாமீன் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை, கவலைப்படாதீர்கள், நல்ல புல் போடுகிறோம் என்று மலாயில் சொல்லி அப்பாவின் தோளைத் தட்டி அனுப்பினார்.

எனக்குச் சிரிப்பைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. வழியில் கேட்டேன். "ஜாமீன்னு நீங்க சொன்னது அவங்களுக்கு எப்படிப்பா புரிஞ்சிச்சு? அது மலாயா?"

"போடி. அது எங்கூரு கோர்ட்டு வார்த்த."

"அவரும் ஜாமின்னுதானே சொன்னாரு?"

"நான் சொன்னதத் திருப்பிச் சொல்லியிருப்பான்" என்றார் அப்பா. எனக்கு அது சரியாகப் படவில்லை.

காவலில் இருந்தாலும் மாட்டைக் கறக்க வேண்டும். ஸ்டேஷனில் யாருக்கும் கறக்கத் தெரியாது. அப்பாவுக்கோ விடிகாலையிலேயே தொழிற்சாலை. அதனால் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். போனால் அங்கே இன்னொரு வாளி நிற்கிறது. கோலா தெர்லாக்காரரின் மனைவி, கணவரின் காய்கறி லோரியில் வந்து இறங்கியிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான் முந்திக்கொண்டு உட்கார்ந்தேன். செவலை ஒரே உதை. வாளி உருண்டு வேலிக்குப் போனது.

"மொதல்ல அந்தக் கிழிஞ்ச காதச் சொறிஞ்சு வுடணும் தங்கச்சி" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்தபடி.

"எங்க வூட்டுல இருந்தப்ப அப்படியெல்லாம் கேக்காது."

"எங்க வூட்டுல பழகிருச்சு."

அவர் வந்து காதைச் சொறிந்தார். நான் கறந்தேன். பால் நுரைத்துக்கொண்டு இறங்கியது. மறுநாள் நான் கன்றைப் பிடித்துக்கொள்ள அவர் கறந்தார். பால் முழுவதும் ஸ்டேஷன் சமையற்கட்டுக்குப் போனது. போலீஸ்காரர்கள் அந்த நாட்களில் குடித்த டீயைப் போல அதற்கு முன்னும் பின்னும் குடித்திருக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் நாங்கள் பேச ஆரம்பித்துவிட்டோம். கன்று பிறக்கும்போது கால் மடங்கிக்கொண்டு வெளியே வரவில்லையாம். கோலா தெர்லாவில் அந்நேரத்தில் மாட்டு டாக்டருக்கு எங்கே போவது? அவரே கைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு உள்ளே விட்டுக் காலை நிமிர்த்தி இழுத்திருக்கிறார். "வெளிய வந்து மூச்சு வுடல. மூக்குல ஊதுனேன் பாரு. தும்முச்சு!" என்று அவர் சொன்னபோது நானும் சேர்ந்து தும்மியதுபோல் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

கோர்ட்டு நாள் வந்தது. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, கிராணியிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு மாட்டினார். கோட்டின் கை அவர் விரல் நுனி வரை வந்தது. "மாப்புள்ள மாதிரி இருக்கீங்க" என்றாள் அம்மா. அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. எங்களோடு அம்மாவும் அன்றைக்கு வேலையில்லாத மற்றவர்களும் தோட்டத்து லோரியில் ஏறிக்கொண்டார்கள். ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பாட்டும் கூத்துமாகத் தானா ராத்தாவில் போய் இறங்கினோம். செவலையையும் கன்றையும் போலீஸ்காரர் ஒருவர் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து கோர்ட்டு முன்னாலிருந்த மரத்தில் கட்டினார்.

சின்ன அறைதான் கோர்ட்டு. பெஞ்சுகள் எங்கள் ஆட்களாலேயே நிறைந்துவிட்டன. எல்லோரும் எழுந்து நிற்க, பக்கத்துக் கதவு வழியாக ஒரு மலாய்ப் பெண் உள்ளே வந்தார். கறுப்புக் கோட்டு, இழுத்து முடிந்த கூந்தல், என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும்.

அப்பா என் காதில், "முன்சீப்பு எப்ப வருவாரு?" என்றார்.

"அவங்கதாம்பா."

அவர் எக்கி நின்று இன்னொரு தரம் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "அட, பரவால்லையே!" என்றார், கோர்ட்டுக்கே கேட்கும்படி.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். தடித்த கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, பள்ளிக்கூட வாத்தியார் போலப் பேச்சு. "மாண்புமிகு நீதிபதி அவர்கள் தங்கள் உரிமைக் கோரிக்கையின் சாரத்தைத் தெரிவிக்குமாறு பணிக்கிறார்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். "என்னா கேஸுன்னு கேக்கறாங்கப்பா" என்று நான் கிசுகிசுத்தேன்.

அப்பா கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தது வெளியே வந்தது. "முன்சீப்பு தொரசாணி அம்மாவுக்கு நான் சொல்லிக்கிறது என்னான்னா, இது மாட்டுத் தாவாங்க. என் பக்கம் வக்கீல் கெடையாது. சாட்சி இருக்கு. வாய்தா வேணாம். இன்னிக்கே விசாரிச்சு, ஒரு உக்கும் போட்டு, பைசல் பண்ணிக் குடுக்கணும்."

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் மாஜிஸ்திரேட் கையை உயர்த்தினார். "துங்கு" என்றார். பொறுங்கள். பிறகு மலாயில் கேட்டார். "அவர் டாக்வா என்றாரா? வாக்கில்? சாக்சி? ஹுக்கும்?"

"இல்லை புவான், அவையெல்லாம் தமிழ்" என்றார் மொழிபெயர்ப்பாளர். மலாயில் மரியாதைக்குரிய பெண்களைப் புவான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எங்களுக்கும் அவை உண்டே" என்றார் மாஜிஸ்திரேட். அவர் முகத்திலிருந்த கோர்ட்டுக் களை கலைந்து, வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கும் பெண்ணின் முகம் வந்துவிட்டது. ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். அப்பா தாவா என்றது அவர்களுக்கு டாக்வா. வக்கீல், வாக்கில். ஜாமீன், ஜாமின். உத்தரவைச் சொல்லும் உக்கும், ஹுக்கும். சாட்சி, சாக்சி. விசாரணை அவர்களுக்குப் பிச்சாரா. கோர்ட்டில் கட்டும் தண்டம் டெண்டா. ஒவ்வொன்றும் ஒத்துப்போகும்போது பெஞ்சுகளில் 'ஓ' என்று குரல் எழுந்தது. டவாலி இல்லாத சேவகர் இருமுறை அதட்டிவிட்டு, பிறகு அவரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நவாபுகள் காலத்தில் அரபு, பாரசீக வார்த்தைகள் நம் ஊர்க் கோர்ட்டுக் கச்சேரிகளுக்குள் வந்ததையும், அதே அரபு வார்த்தைகள் வேறு வழியாக மலாய் நாட்டுக்கு வந்ததையும், சாட்சியும் தண்டமும் அதற்கும் வெகுகாலம் முந்தி வடமொழியிலிருந்து இரண்டு பக்கமும் போனதையும் நான் பல வருஷம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், போலீஸ்காரர் அப்பா சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை என்பதுதான்.

"அப்படியானால் ஹாக்கிம்?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி. மலாயில் ஹாக்கிம் என்றால் நீதிபதி.

"ஹக்கீமுங்களா? அது வைத்தியரு" என்றார் அப்பா உற்சாகமாக. "எங்கூருல ஒரு பாய் இருந்தாரு. மூலத்துக்கு நல்ல மருந்து குடுப்பாரு."

மொழிபெயர்ப்பாளர் காது வரை சிவந்துபோய், மூலத்தை எப்படிச் சொல்வது என்று தடுமாறி, ஒருவழியாகச் சொன்னார். மாஜிஸ்திரேட் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது, "என்னிடமும் வலியோடுதான் வருகிறார்கள். மருந்துதான் கைவசம் இல்லை" என்றார்.

அடுத்து என்னைக் கூண்டுக்குள் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், நானே மலாயில் சொல்கிறேன் என்றேன். காது கிழிந்த கதை, கொம்பு வளைந்த கதை, காணாமல்போன நாள் எல்லாம் சொன்னேன். பிறகு கோலா தெர்லா அக்கா ஏறி, மழையில் மாடு வந்து நின்றதையும் கன்று பிறந்ததையும் சொன்னார். மூக்கில் ஊதிய இடத்தில் கூண்டிலேயே ஊதிக் காட்டினார். மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, இவர் சொன்னதில் பொய் இருக்கிறதா என்று கேட்டார். "இல்லை புவான்" என்றேன். அக்காவைக் கேட்டார். "அந்தத் தங்கச்சி பொய் சொல்லாதுங்க" என்றார் அவர்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "மாட்டைப் பார்க்கலாம்" என்று எழுந்தார்.

கோர்ட்டே வெளியில் வந்தது. அப்பா முன்னால் போய், "நான் கூப்புட்டா வந்துரும், கயித்த அவுத்து வுடுங்க" என்றார். போலீஸ்காரர் அவிழ்த்துவிட்டார். அப்பா கையை நீட்டி, "செவல! வாடி வா!" என்றார். எதிர்ப்பக்கத்தில் கோலா தெர்லாக்காரர் நாக்கைச் சொடுக்கி, "ம்மா, வா, வா!" என்றார். செவலை இரண்டு பேரையும் நிதானமாக ஒரு தரம் பார்த்தது. பிறகு வாலைச் சுழற்றிக்கொண்டு கோர்ட்டு முன்னால் அழகாக வளர்த்திருந்த டேலியாப் பாத்திக்குள் இறங்கியது. சிவப்புப் பூக்களைத் தின்று முடிக்கும் முன்னே மஞ்சளுக்குப் போய்விட்டது. சேவகர் ஓடினார், போலீஸ்காரர் ஓடினார், எங்கள் தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் ஓடினார்கள். கன்று எல்லோர் காலுக்குள்ளும் புகுந்து துள்ளியது. மாஜிஸ்திரேட் எங்களுக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்து முடிக்கிற வரை திரும்பவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடரலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"வாய்தா" என்றார் அப்பா, மூச்சு வாங்க.

அந்த வாய்தாவுக்குள் அம்மா வேலையை முடித்துவிட்டாள். கோலா தெர்லா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். "மாடு எங்களுதும்மா. அது ஒனக்கே தெரியும். ஆனா அந்தக் கன்னு ஒன் மூச்சுல பொழச்சது. பால் மறக்கற வரைக்கும் தாய்கிட்ட இருக்கட்டும், அப்பறம் நீயே வந்து ஓட்டிக்கிட்டுப் போ. இதுல என்னா இருக்கு?"

அக்கா கணவரைப் பார்த்தார். அவர் காலால் புல்லைக் கிளறிக்கொண்டு, "நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லலீங்க. அன்னிக்கே இப்படிச் சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்க வேணாம்" என்றார்.

"அவரு தாவா போடாம இருக்க மாட்டாரு" என்றாள் அம்மா. "அவரோட ஆசை அது."

எல்லோருக்கும் சந்தோஷம். அப்பாவின் முகம் மட்டும் வாடிவிட்டது. "ராஜியாப் போயிட்டா பைசல் ஏதுடி? சும்மா எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பிருவாங்க" என்றார். இவ்வளவு பக்கத்தில் வந்து கை நழுவுகிறதே என்ற தவிப்பு.

மறுபடி கோர்ட்டு கூடியதும், இரண்டு தரப்பும் சமாதானமாகிவிட்ட விவரத்தை மொழிபெயர்ப்பாளர் சொன்னார். மாஜிஸ்திரேட் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். அப்பா பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். "அம்மா, ராஜி ஆனது சரி. இருந்தாலும் ஒங்க வாயால ஒரு பைசல் படிச்சிருங்க. சின்னப் புள்ளையிலேருந்து வெளிய நின்னுக்கிட்டேதாங்க இருந்தேன்."

இதை மொழிபெயர்ப்பாளர் எந்த அலங்காரமும் இல்லாமல் அப்படியே சொன்னார். மாஜிஸ்திரேட் ஒரு புதுத் தாளை எடுத்துச் சில வரிகள் எழுதினார். பிறகு மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் அழைத்து மெதுவாக ஏதோ கேட்டார். அவர் இரண்டு மூன்று தரம் ஒரு வார்த்தையைச் சொல்லிக் காட்டுவது தெரிந்தது. மாஜிஸ்திரேட் கோட்டைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, எழுதியதை நிறுத்தி நிறுத்திப் படித்தார். சிவப்பு நிறப் பசு மனுதாரருக்கு உரியது. அதன் கன்று, பால் மறந்த பிறகு, எதிர்த்தரப்பாருக்கு உரியது. இரு குடும்பத்தாரும் அந்தப் பசுவை அன்போடு பராமரித்திருக்கிறார்கள் என்பதை இந்த நீதிமன்றம் மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறது. தாளை மடித்து வைத்துவிட்டு, அப்பாவை நேராகப் பார்த்து, ஒரே ஒரு தமிழ் வார்த்தை சொன்னார்.

"பைசால்."

உச்சரிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது. பெஞ்சுகள் கைதட்டின. சேவகர் அதட்டவே இல்லை. அப்பா கைகூப்பியபடி நின்றுகொண்டிருந்தார், கோட்டுக் கை இரண்டும் விரலை மூடித் தொங்க. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்துபோனார்.

அன்று தானா ராத்தாக் கடையொன்றில் இரண்டு குடும்பமும் ஒரே மேசையில் ரொட்டி சாப்பிட்டோம். அப்பாவும் கோலா தெர்லாக்காரரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மாட்டைக் கூப்பிடும் முறையில் யாருடையது சரி என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

கைகழுவ எழுந்தபோது மொழிபெயர்ப்பாளர் கடைக்குள் வந்தார். நேரே என்னிடம்தான் வந்தார். "நீ மலாயில சாட்சி சொன்ன விதம் புவானுக்குப் பிடிச்சிருந்தது. நானும் சீக்கிரம் ஓய்வு பெறப் போறேன்மா. இந்த வேலைக்குப் பரீட்சை வெப்பாங்க. எழுதிப் பாரேன்" என்றார். இவ்வளவு சாதாரணமாகப் பேசவும் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எழுதினேன். முதல் தடவை தேறவில்லை, அடுத்த தடவை தேறினேன். மலைக்குக் கீழே இருந்த ஊர்களில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு எண்பதுகளில் மலைக்கே மாற்றலாகி வந்தேன். அப்பா தொழிற்சாலையிலிருந்து சாயங்காலம் வந்ததும், "இன்னிக்கு என்னா பைசல்?" என்றுதான் முதலில் கேட்பார். நான் சொல்வதை அவர் தன் வார்த்தைகளில் லயத்துக்குச் சொல்வார். எனக்குத் தெரிந்து எந்தக் கேஸும் அவர் வாயில் சிறிதாகவில்லை.

நீதிபதியை நம் மக்கள் எத்தனை விதமாகக் கூப்பிடுகிறார்கள் என்று அந்த வேலையில்தான் தெரிந்தது. வயதானவர்களுக்கு முன்சீப்பு அல்லது தொரை, லோரிக்காரர்களுக்கு ஜட்ஜு, பள்ளிக்கூடம் போனவர்களுக்கு நீதிபதி. ஒரு தமிழ் வாத்தியார் வந்தபோது, சோழர் காலத்தில் நீதி சொன்ன இடத்துக்குத் தருமாசனம் என்று பெயர் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த வார்த்தையைப் பயன்படுத்த எனக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை. ஆனால் வந்தவருக்கு எது புரியுமோ அதையே சொன்னேன். முன்சீப்பு என்று கேட்டவருக்கு முன்சீப்பு என்றே பதில் சொன்னேன்.

மலைக்கு வந்த பிறகு நான் தனியாக நின்று மொழிபெயர்த்த முதல் தீர்ப்பு பிரிஞ்சாங்கில் பூ லோரி ஓட்டிய ஒருவருடையது. பூப்பெட்டிகள் காணாமல்போனதற்கு அவர் மேல் திருட்டு வழக்கு. விசாரணையில் பெட்டிகள் வேறு லோரியில் ஏறிப்போனது தெரிந்துவிட்டது. மாஜிஸ்திரேட் படித்து முடிக்கும்போது மலாயில் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னார். ஒன்றுக்கு அவிழ்த்துவிடுவது என்று பொருள், இன்னொன்றுக்குச் சுதந்திரம் என்று. இரண்டையும் நான் சொல்லியாக வேண்டும். கூண்டில் அந்த மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க மேல குத்தம் இல்லண்ணே. ஒங்கள வுட்டுட்டாங்க. விடுதலை" என்றேன்.

பின்பெஞ்சில் அவர் மனைவிதான் முதலில் புரிந்துகொண்டார். "ஆத்தாடி!" என்று ஒரு குரல் வந்தது. கூண்டிலிருந்தவர் இன்னும் கம்பியை விடவில்லை.

"அப்ப நான் போலாமா?"

மாஜிஸ்திரேட்டைப் பார்த்தேன். அவர் புன்னகையோடு தலையசைத்தார்.

"போலாம்ண்ணே."

அவர் கூண்டுக்குள்ளேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. நானே இறங்கிப்போய்க் கொக்கியை எடுத்துவிட்டேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குடைக்குள் சிரித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடுவதை நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சேவகர் அடுத்த கேஸைக் கூப்பிட்டார்.